மலை மண்ணில் வாழும் கேடயவாற் பாம்புகள்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடமேற்கு எல்லையில் கொல்லிமலையும், வடக்கே பச்சைமலையும் உயர்ந்து நிற்கின்றன. துறையூர், முசிறிப் பக்கங்களில் பயிரிடும் குடியானவர்களுக்கு இம்மலைகளின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொல்லிமலையில் தோன்றும் அய்யாறு, ஆகாயகங்கை என்னும் அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளியில் இறங்கிக் காவிரியை நாடுகிறது. மலையின்மேல் மரமும் மண்ணும் நிலைத்திருக்குமளவும் ஓடைகளில் நீர் நிதானமாக வரும். மண் கரைந்து பாறை வெளிப்பட்டால், மழைக் காலத்தில் வெள்ளமும், கோடையில் வறட்சியுமே மிஞ்சும். ஸ்ரீரங்கம் தீவில் வாழையும் நெல்லும் பயிரிடுவோரும் இவ்வுண்மையை நன்கறிவர்.

அந்த மலைமண்ணுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே இரை தேடி, அங்கேயே மடியும் ஒரு சிறிய பாம்பு வகை உண்டு. ஆராய்ச்சியாளர் இவ்வகையைக் கேடயவாற் பாம்புகள் என வழங்குவர். நிலத்தைக் கொத்தும்போது தற்செயலாக வெளிப்பட்டாலன்றி இவற்றை எவரும் பார்ப்பதில்லை. பார்த்தவர்களும் விஷப்பாம்பென்றோ, மண்ணுளிப் பாம்பின் குட்டியென்றோ கருதிப் பெரும்பாலும் அடித்துக் கொன்றுவிடுகின்றனர். இவற்றின் இயல்பு யாது, இவற்றுக்கு நேர்ந்துள்ள அபாயம் யாது, மலையில் பயிர் செய்வோர் தம் விளைவுக்குக் குறைவின்றி இவற்றைக் காக்கும் வழி யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இனமும் பெயரும்

கேடயவாற் பாம்புக் குடும்பத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. உலகத்தில் இந்திய தீபகற்பத்திலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இவை இல்லை. ஆப்பிரிக்காவிலோ, மலேயாவிலோ, இமயமலையிலோ தேடினும் ஒன்றும் அகப்படாது. ஆகவே இவற்றைக் காக்கும் பொறுப்பு நம் நாட்டையும் இலங்கையையுமே முழுவதும் சார்ந்தது.

இவற்றின் வால் ஏனைய பாம்புகளின் வாலைப்போல் கூராக முடிவதில்லை. சிலவற்றில் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் தட்டையாகவும், சிலவற்றில் குமிழ்போல் திரண்டும், சொரசொரப்பான செதில்களால் மூடப்பட்டும் இருக்கும். கேடயம் தாங்கிய வால் என்னும் பொருளில் இக்குடும்பத்துக்குப் பெயர் அமைந்தது இதனாலேயே. தலையோ மிகச் சிறியது, மூக்கு கூரியது, கண்கள் சிறுத்து, செதிலின் கீழ் அடங்கியவை. இவற்றைப் புதிதாகக் காண்பவர் வாலையே தலையென்று எண்ணுவதும், இரண்டு பக்கமும் தலையென்று சொல்வதும் இவ்வமைப்பினாலேயாகும்.

மண்ணுளி அல்லது இருதலை மணியன் என்பது வேறொரு பாம்பு. அது சமவெளியின் வறண்ட நிலங்களில் வாழ்வது, பருத்த உடலுடையது, எலிகளைத் தின்பது. அதனை வைத்திருந்தால் செல்வம் சேருமென்னும் பொய்யை நம்பிச் சிலர் அதனைப் பிடித்து விற்கின்றனர். அது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மலையில் அகப்படும் கேடயவாற் பாம்பையும் அதுவெனக் கருதிப் பிடித்து அடைத்து வைப்பவர், சட்டத்தையும் மீறி, ஓர் அரிய உயிரையும் வீணே மாய்த்தவராவர்.

உருவமும் வாழ்க்கை முறையும்

இவற்றுள் பெரும்பாலானவை ஒரு முழத்துக்கு உட்பட்ட நீளமுடையவை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் காணப்படும் யூரோபெல்டிஸ் எல்லியோட்டி என்னும் இனம் ஏறக்குறைய ஒரு சாண் நீளமே வளரும். அதன் உடல் கரும்பழுப்பு நிறமானது. மஞ்சள் நிறமான சிறு புள்ளிகள் அதன்மேல் காணப்படும். கழுத்தின் பக்கங்களில் மஞ்சள் கோடு ஒன்றும் உண்டு. செதில்கள் வழவழப்பானவை, வெயிலில் வானவில்லின் நிறங்களைக் காட்டும். மண் ஒட்டாமல் நழுவுவதற்கு இவ்வழவழப்பு உதவுகிறது.

கால்களும் நகங்களும் இல்லாத பிராணி மண்ணைக் குடைவது எவ்வாறு என்னும் ஐயம் எழலாம். கார்ல் கான்ஸ் என்னும் அமெரிக்க உயிர்நூல் அறிஞர் 1970-களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். இப்பாம்பின் முன்னுடலில் தசைகள் மிகவும் பருத்தவை. நெடுநேரம் களைப்பின்றி வேலை செய்யும் தன்மையுடையவை. பின்னுடலில் தசை மெலிவானது. தோலுக்குள் முதுகெலும்பு முதலில் வளைந்து மடிகிறது. அதனால் முன்னுடல் பருத்து, வளையின் பக்கங்களை அழுத்திப் பற்றிக்கொள்கிறது. பின்னர் எலும்பு நிமிரும்போது கூரிய தலை ஆப்பைப்போல் முன்னோக்கிச் செலுத்தப்படுகிறது. அடுத்து பின்னுடல் இழுத்துக்கொள்ளப்படுகிறது. ரயில் வண்டித் தொடரை முன்னால் நிற்கும் இயந்திரம் இழுத்துச் செல்வதற்கு ஒப்பாக இதனை அவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1978-ல் வெளியிட்ட கட்டுரையில் வருணித்தனர்.

வாலிலுள்ள கேடயத்தின் சொரசொரப்பில் மண் அப்பிக்கொள்ளும். வளைக்குள் பின்தொடரும் பகைக்கு இம்மண்கட்டியே அடைப்பாக நிற்கிறது. மேலே வந்த பாம்பை ஏதேனும் பறவையோ விலங்கோ தாக்கினால், அது தலையை உடலின்கீழ் மறைத்து வாலை வெளியே காட்டும். தடித்த வாலில் விழும் கொத்தும் கடியும் உயிருக்குக் கேடு செய்வது குறைவு.

கேடயவாற் பாம்புகளுக்கு விஷம் கிடையாது. கையில் எடுத்தாலும் கடிக்க முயலுவதில்லை; விரல்களைச் சுற்றிக்கொண்டு, தலையாலும் வாலாலும் அழுத்திப் பார்க்குமேயன்றி வேறு தீங்கு செய்யாது. முக்கிய உணவு மண்புழுக்கள். இவை முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனும். ஓரீற்றில் பிறக்கும் குட்டிகளோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. நூற்றுக்கணக்கில் முட்டையிடும் தவளையைப்போல் அழிவை விரைவில் ஈடுசெய்துகொள்ளும் சக்தி இவற்றுக்கில்லை என்பதைக் கருத்தில் வைக்கவேண்டும்.

மலை என்னும் தீவு

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த தீவு. பாலமும் பரிசிலும் இல்லாதிருந்தால், அங்குள்ள ஊர்ந்து செல்லும் பிராணி ஆற்றைக் கடந்து அக்கரைக்குச் செல்வது அரிது. மலைகளின் நிலையும் இதுவே. கொல்லிமலை கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ளது. அங்கே மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும். அடிவாரத்தைச் சூழ்ந்த சமவெளியோ வெப்பமும் வறட்சியும் மிக்கது. குளிர்ந்த ஈரமண்ணிலன்றி வாழ இயலாத ஒரு பிராணிக்கு இச்சமவெளி கடலுக்கு ஒப்பாகும். கொல்லிமலையில் வாழ்வது சேர்வராயனுக்குப் போகாது. சேர்வராயனில் வாழ்வது பச்சைமலைக்கு வாராது. ஆராய்ச்சியாளர் இத்தகைய மலைகளை வானத்தீவுகள் என்பர்.

நெடுங்காலம் தனித்து வாழும் உயிர்கள், ஒன்றினின்றும் மற்றொன்று வேறுபட்டுத் தனித்தனி இனங்களாகிவிடும். இதற்குச் சிறந்த உதாரணம் கொல்லிமலையிலேயே உண்டு. இரவில் திரியும் ஒருவகை மெலிந்த பல்லியை பெட்டோம் என்பவர் சேர்வராயன் மலையிலிருந்து 1870-ல் விவரித்தார். தென்னாட்டு மலைகள் பலவற்றிலும் காணப்பட்டவை எல்லாம் அந்த ஒரே இனமென்றே நூறாண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்டு வந்தது. 2019-ல் ஆராய்ச்சியாளர் அவற்றின் மரபணுக்களைச் சோதித்தபோது, தீபகற்ப மலைகளில் ஏறக்குறைய பன்னிரண்டு இனங்கள் தனித்தனியே இருப்பது தெரியவந்தது. கொல்லிமலையிலிருந்த பல்லி அம்மலையின் பெயராலேயே ஹெமிபைலோடாக்டிலஸ் கொல்லியென்சிஸ் என அவ்வாண்டு பெயரிடப்பட்டது. மரத்திலும் சுவரிலும் ஏறும் பல்லியின் விஷயமே இவ்வாறென்றால், மண்ணைவிட்டு வெளிவராத பாம்பின் விஷயத்தில் ஒவ்வொரு மலையையும் தனித்தனியே ஆராய்தல் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

ஆராய்ச்சியின் வரலாறு

கேடயவாற் பாம்புகளைப்பற்றி நமக்குள்ள அறிவின் பெரும்பகுதிக்கு அடிகோலியவர் மேலே கூறிய ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். 1830-ல் பிறந்த அவர் சென்னைப் பட்டாளத்தில் அதிகாரியாக வந்து, பின்னர் சென்னை மாகாண வன இலாகாவின் தலைமைப் பதவியை வகித்தவர். மலைதோறும் சென்று செடிகளையும் ஊர்வனவற்றையும் சேகரித்தார். இந்தியாவிலும் இலங்கையிலுமுள்ள மண்ணடிப் பாம்புகளைப்பற்றி 1886-ல் விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். சேர்வராயன் மலையிலிருந்து 1863-ல் அவர் விவரித்த ஓரினத்துக்கு ஜான் ஷார்ட் என்னும் வைத்தியரின் பெயர் சூட்டப்பட்டது. எல்லியோட்டி என்னும் பெயர் சென்னை மாகாண அதிகாரியாயிருந்த சர் வால்ட்டர் எலியட்டைக் குறிப்பது. அவ்வினத்தை 1858-ல் விவரித்தவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்டு கிரே.

மால்கம் ஸ்மித் 1943-ல் இந்தியப் பாம்புகளைப்பற்றி வெளியிட்ட பெருநூலில் ஷார்ட்டின் பெயர்கொண்ட இனம் தனியினமாகக் கொள்ளப்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள மற்றோர் இனத்துடன் சேர்க்கப்பட்டது. அந்த மற்றோர் இனத்தின் பெயர் சிலோனைக் குறிப்பது. ஆயினும் அது இலங்கையில் இல்லாதது என்பது விநோதம். 2014-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்வராயன் பாம்பை மீண்டும் தனியினமென நிலைநாட்டினர். அதற்கு முந்தின ஆண்டில், அதாவது 2013-ல், தமிழ்நாட்டைச் சேர்ந்த தென் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து ரைனோபிஸ் கோவெரி என்னும் புதிய கேடயவாற் பாம்பை ஏங்கல்ஸ், கணேஷ் ஆகிய இருவர் விவரித்தனர். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தைச் சேர்ந்த டேவிட் கோவர் என்னும் அறிஞரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

இவற்றால் விளங்குவது ஒன்று. எழுபது ஆண்டுகளாக ஓரினம் மற்றொன்றின் பெயரில் மறைந்து கிடந்தது. இன்னோரினம் 2013 வரையில் பெயரே இன்றி இருந்தது. பெயரில்லாத உயிர் அழிந்தால் அழிந்ததென்று எழுதுவதற்கும் ஏடு இராது.

செடிகொடிகளின் விஷயத்தில் இம்மலைகள் இவ்வளவு புறக்கணிக்கப்படவில்லை. திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த ராபினட் ஹெர்பேரியத்தை நிறுவிய மாத்யூ பாதிரியார், தம் உதவியாளருடன் இம்மலைகளிலும் சமவெளியிலும் பல்லாண்டு அலைந்து, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப்பற்றிப் பல பாகங்களைக் கொண்ட நூலை 1980-களில் வெளியிட்டார். அத்தகைய உழைப்பு இம்மலைகளின் ஊர்வனவற்றுக்கும் வேண்டும்.

குடியானவருக்கு இதனால் பயன் யாது?

சாரைப் பாம்பு எலியைத் தின்று உழவருக்கு உதவுகிறது என்பது பலரும் அறிந்ததே. கேடயவாற் பாம்பு எலியைத் தின்பதில்லை. அதற்கு மாறாக, உழவனின் நண்பனென்று நாம் போற்றும் மண்புழுவையே தின்கிறது. அப்படியிருக்க, அதனை ஏன் காக்கவேண்டும் என ஒரு குடியானவர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. அதற்கு மறைப்பின்றி விடை கூறுதல் நம் கடமை.

முதலாவது, சாண் நீளமுள்ள ஒரு பாம்பு தின்னும் புழுக்களால் நிலத்திலுள்ள மண்புழுக்கள் குறைந்து போவதில்லை. புழு மிகுந்துள்ள இடத்திலேயே அது வாழ்கிறது; புழு குறைந்தால் அது முன்னதாகவே மறைந்துபோகும். ஆகவே, கொத்தும்போது இப்பாம்பு அகப்படுமானால், அந்நிலத்தில் ஈரமும் மக்கிய தழையும் மண்புழுவும் வேண்டிய அளவு உள்ளன எனக் கொள்ளலாம். முன்னர் அகப்பட்டு வந்த நிலத்தில் பல்லாண்டுகளாக ஒன்றேனும் காணப்படவில்லையாயின், மேல்மண் மெலிந்துவருகிறதோ என ஆராயவேண்டும். செலவில்லாமல் கிடைக்கும் மண்பரிசோதனை இது.

இரண்டாவது, அதன் வளைகள் மண்ணைத் தளர்த்திக் காற்றும் மழைநீரும் உட்புக வழி செய்கின்றன.

மூன்றாவது, காட்டுக்கோழி, மயில், ஆந்தை, காட்டுப்பன்றி, பிற பாம்புகள் முதலியவற்றுக்கு இது இரை. இம்மூன்றும் ஒருபுறமிருக்க, உலகத்தில் வேறெங்குமில்லாத ஓர் உயிர் நம் வயலின் ஓரத்தில் இருக்கும்போது, வரவு செலவுக் கணக்கில் அதற்கு எவ்வளவு லாபமென்று பார்த்தே அதனை விட்டுவைப்பது என்பது தக்கதன்று.

அழிவுக்குக் காரணங்கள்

கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் நெடுங்காலமாகச் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டு வந்தனர். அண்மைக் காலத்தில் ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளிக் கிழங்கு அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. ரொக்கப் பணம் தரும் பயிரைக் குடியானவர் விரும்புவது இயல்பே; அதனைக் குறைகூறுவது முறையன்று. ஆயினும் சரிவான நிலத்தில் மரவள்ளி பயிரிடுவதில் இரண்டு கேடுகள் உள்ளன. இளம்பயிராயிருக்கும் மாதங்களில் நிலம் மூடப்படாமல் மழைக்கு வெறுமையாகக் கிடக்கிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் முழுவதும் கிளறப்படுகிறது. பின்வரும் மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. ஒரு சாண் ஆழத்திலுள்ள மேல்மண்ணே கேடயவாற் பாம்பின் வீடு என்பதை நினைத்தால் இதன் விளைவு புலனாகும்.

மண்ணிலிடும் சில பூச்சிக்கொல்லிக் குருணைகள் மண்புழுக்களையும் கொல்கின்றன. காப்பித் தோட்டங்களில் தெளிக்கும் போர்டோக் கலவையிலுள்ள செம்பு மேல்மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். அளவு மிஞ்சினால் மண்புழுக்களுக்கு அதுவும் பகை. உதிர்ந்த தழைகளைக் கூட்டி எரிப்பதால் ஈரமும் உணவும் ஒருங்கே அழிகின்றன.

மழைக் காலத்தில், வளைகளில் நீர் நிறையும்போது, இப்பாம்புகள் இரவில் மேலே வந்து ஊர்கின்றன. அப்பொழுது சாலையைக் கடப்பன வண்டிச் சக்கரங்களில் நசுங்குகின்றன. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் மட்டும் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சாலையை அகலமாக்குவதற்காகச் சரிவை வெட்டும்போது வளைகளும் வெட்டுண்கின்றன. ஓரத்தில் எழுப்பும் செங்குத்தான சுவரை ஏற இயலாமல் பாம்புகள் சாலையிலேயே தங்கிவிடுகின்றன. கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் மலைமுடிகளில் பாக்ஸைட் தாது வெட்டியெடுக்கப்பட்டதும் உண்டு. தாதுவை எடுக்க மேல்மண் முழுவதும் அகற்றப்பட்ட இடத்தில் மண்ணடிப் பிராணி எதுவும் மிஞ்சுவதற்கில்லை.

நிலையை அளக்கும் முறை

ஓரினம் அபாயத்திலுள்ளதா இல்லையா என்பதை மனம்போனபடி சொல்லுதல் கூடாது. 1948-ல் நிறுவப்பட்ட சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 1964 முதல் சிவப்புப் பட்டியல் என்பதொன்றை நடத்தி வருகிறது. அற்றுப்போனவை, மிக ஆபத்தான நிலையிலுள்ளவை, ஆபத்திலுள்ளவை, பாதிக்கப்படக்கூடியவை, ஆபத்தை அணுகியவை, கவலை குறைந்தவை, தகவல் போதாதவை முதலிய வகுப்புகளாக இனங்கள் அதில் பிரிக்கப்படுகின்றன.

இவ்வகுப்புகளை நிர்ணயிக்கும் விதிகளுள் நிலப்பரப்பைப் பற்றியது ஒன்று. ஓரினம் பரவியுள்ள எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் அது பாதிக்கப்படக்கூடியதாகவும், 5,000-க்குக் குறைந்தால் ஆபத்திலுள்ளதாகவும், 100-க்குக் குறைந்தால் மிக ஆபத்தான நிலையிலுள்ளதாகவும் கருதப்பட இடமுண்டு. பரப்பு மாத்திரம் போதாது. வாழும் இடங்கள் சிலவாகவோ சிதறியோ இருத்தல், தொடர்ந்து குறைந்து வருதல், எண்ணிக்கை மிகவும் ஏறியிறங்குதல் என்பவற்றுள் இரண்டேனும் பொருந்தவேண்டும்.

இக்கணக்கைக் கொல்லிமலைக்குப் பொருத்திப் பார்ப்போம். அம்மலையின் பரப்பு ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர். அம்மலைக்கு மட்டுமே உரிய இனம் எதுவாயினும், பரப்பளவில் அது 5,000 என்னும் எல்லைக்கு மிகவும் கீழே நிற்கிறது; இடமும் ஒன்றே. அதற்குமேல் அதன் மண்ணும் மரமும் குறைந்துவருவதாக நிரூபிக்கப்பட்டால், ஆபத்திலுள்ளவற்றின் வரிசையில் அது சேர்வதற்குத் தடையில்லை. ஒரு மலை ஒரு தாலூகாவுக்குச் சமம். ஒரு தாலூகாவில் நிகழும் பயிர் மாறுதல் ஓரினத்தின் தலைவிதியை நிர்ணயித்துவிடக்கூடும்.

யூரோபெல்டிஸ் எல்லியோட்டி பல மலைகளில் பரவியிருப்பதனால் கவலை குறைந்தவற்றுள் வைக்கப்பட்டுள்ளது. இதைக்கொண்டு நாம் கவலையற்றிருத்தல் கூடாது. ஓரினமென்று எண்ணியிருந்த பல்லி மலைக்கொன்றாகப் பிரிந்ததை மேலே கண்டோம். இப்பாம்பிலும் அவ்வாறு நேருமாயின், பரந்த எல்லையுடைய ஓரினத்துக்குப் பதிலாகக் குறுகிய எல்லையுடைய பல இனங்கள் நம் கையில் இருக்கும். அப்பொழுது கவலை குறைந்தது என்னும் சொல் பொருந்தாது.

2022-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றில் 10,196 வகை ஊர்வன ஆராயப்பட்டன. அவற்றுள் 1,829 இனங்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சிறிது குறைவானவை, அழிவின் அபாயத்திலுள்ளனவென்று கண்டனர். அபாயத்துக்குக் காரணமானவற்றுள் பயிர்த்தொழில் முதன்மையானதென்றும் அது கூறியது. பயிர்த்தொழிலின் நலத்துக்காக நடைபெறும் இதழ் இதனை மறைத்தல் முறையன்று. காரணம் நம் கையிலிருப்பின் பரிகாரமும் நம் கையில்தான் இருக்கிறது.

மொரீஷியஸ் தரும் படிப்பினை

தமிழர் பலர் குடியேறி வாழும் மொரீஷியஸ் தேசத்தின் அருகே ரவுண்டுத் தீவு என்னும் சிறு தீவொன்று உண்டு. அங்கே மண்ணைக் குடைந்து வாழும் பாம்பினம் ஒன்று இருந்தது. மனிதர் கொண்டுவிட்ட ஆடுகளும் முயல்களும் அத்தீவின் பசுமையை மேய்ந்து தீர்த்தன. பிடிப்பற்ற மேல்மண் மழையில் கடலுக்குச் சென்றது; பாறை வெளிப்பட்டது. அப்பாம்பை எவரும் கொல்லவில்லை, பிடித்து விற்கவுமில்லை. அது வாழ்வதற்கு வேண்டிய மண்ணே போய்விட்டது. 1975-ல் கடைசியாகக் காணப்பட்ட அவ்வினம் இப்பொழுது அற்றுப்போனவற்றின் பட்டியலில் உள்ளது. பின்னர் ஆடுகளும் முயல்களும் அகற்றப்பட்டன, பசுமை திரும்பியது. மண்ணைக் குடையாது மேற்பரப்பில் வாழ்ந்த மற்றொரு பாம்பினம் பிழைத்துப் பெருகிற்று. குடைந்து வாழ்ந்தது மட்டும் திரும்பி வரவில்லை.

சட்டத்தின் பாதுகாப்பு

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. அதன் நான்காம் அட்டவணையில் கேடயவாற் பாம்புக் குடும்பமும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டிருந்தது. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தால் ஆறு அட்டவணைகள் நான்காகத் திருத்தியமைக்கப்பட்டன. சட்டம் பாம்பை அடிப்பதைத் தடுக்கலாம். மண் கரைவதைத் தடுக்க அதனால் இயலாது. அது மலைக் குடியானவரின் கையிலுள்ளது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலணைக்கு அருகிலுள்ள காட்டில், வன இலாகா 2015-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவொன்றைத் திறந்தது. பூச்செடிகளை நட்டு வண்ணத்துப்பூச்சிகளை வரவழைத்தல் அங்கே இயன்றது. குளிர்ந்த மலைமண்ணை விட்டு அகலாத கேடயவாற் பாம்பைச் சமவெளிக்குக் கொண்டுவந்து அவ்வாறு காத்தல் இயலாது. அது இருக்குமிடத்திலேயே காக்கப்படவேண்டியது.

மலைக் குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. கொத்தும்போது கூர்மூக்கும் மழுங்கிய வாலுமுடைய சிறு பாம்பு வெளிப்பட்டால் அடிக்கவேண்டாம். வேலையைச் சற்று நிறுத்தினால் அது தானே மண்ணுக்குள் புகுந்துவிடும். வெயிலில் கிடந்தால், மண்வெட்டியால் மண்ணோடு சேர்த்தெடுத்து நிழலான ஈர இடத்தில் விடலாம்.

2. அடையாளம் உறுதியாகத் தெரியாத எந்தப் பாம்பையும் கையால் தொடுதல் கூடாது. விரியனும் கட்டுவிரியனும் மலைப்பக்கங்களில் உண்டு. எந்தப் பாம்பு கடித்தாலும், விஷமற்றதென்று தாமே தீர்மானித்து இருந்துவிடாமல், தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

3. மரவள்ளியைச் சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்து நடவேண்டும். வரிசைகளுக்கிடையில் பயறு வகைகளை ஊடுபயிராக விதைத்தால் நிலம் மூடப்படும், மண் கரைவது குறையும், தழைச்சத்தும் சேரும்.

4. நிலத்தின் ஓரங்களிலும் கல்வரப்புகளின் அடியிலும் புல்லும் செடியும் உள்ள பட்டையொன்றைக் கொத்தாமல் விட்டுவைக்கவேண்டும். வெட்டிவேரையும் அங்கு நடலாம். நிலம் கிளறப்படும் காலத்தில் மண்ணடிப் பிராணிகள் ஒதுங்குவதற்கு அதுவே புகலிடம்.

5. காப்பி, மிளகுத் தோட்டங்களில் நிழல்மரங்களை வெட்டாமல் காக்கவேண்டும். உதிர்ந்த தழைகளை எரிக்காமல் செடிகளின் தூரில் பரப்பவேண்டும். போர்டோக் கலவையையும் பூச்சிக்கொல்லிகளையும் வேண்டிய காலத்தில், வேண்டிய அளவே உபயோகிக்கவேண்டும்.

6. நிலத்தின் ஒரு பகுதியிலேனும் சாமையும் தினையும் தொடர்ந்து பயிரிடுதல் நலம். கொல்லிமலையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் சிறுதானியங்களைப் பேணுவதற்குப் பல்லாண்டுகளாக முயன்று வந்துள்ளது. அத்தானியங்களுக்கு ஆழ்ந்த கொத்து வேண்டியதில்லை.

7. கோயிற்காடுகளைக் குறைக்காமல் காக்கவேண்டும். தெய்வத்தின் பெயரால் கோடாலி படாத அந்நிலங்களில் மேல்மண் தலைமுறை தலைமுறையாகக் கலையாமல் இருக்கிறது.

8. மழைக்கால இரவுகளில் மலைச்சாலையில் வண்டியோட்டுவோர் வேகத்தைக் குறைக்கவேண்டும். சாலையோரச் சுவர்களில் இடையிடையே சரிவான வழிகளை விடுமாறு ஊராட்சிகள் கேட்டுக்கொள்ளலாம்.

9. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். கண்ட பாம்பின் புகைப்படம், இடம், தேதி, நிலத்திலிருந்த பயிர் ஆகியவற்றை அதில் பதியச் செய்யலாம். சாலையில் இறந்து கிடப்பதன் படமும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும். பள்ளிப் பிள்ளைகளும் இவ்வேலையைச் செய்யக்கூடும்.

இங்கே கூறிய முறைகளுள் பெரும்பாலானவை குடியானவருக்குப் புதிய செலவைத் தருவனவல்ல. சரிவுக்குக் குறுக்காக நடுதலும், தழையை எரிக்காது பரப்புதலும், வரப்பில் புல் வளர்த்தலும் மேல்மண்ணைக் காத்து விளைவைப் பெருக்குவதற்கு எந்நாளும் வேண்டியவை. பாம்பு வாழ்வதற்கு வேண்டிய ஈரமண்ணே பயிருக்கும் வேண்டியது. அதே மண்தான் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் அய்யாற்றுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. எனவே, துறையூர்ப் பக்கத்து விவசாயிகளும் மலையின்மேல் நடப்பது தமக்கு அயலென்று கருதலாகாது. இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னரே வரப்புகளைச் செப்பனிட்டு, புற்பட்டைகளை அமைத்துக்கொள்ளுமாறு மலைப்பகுதிக் குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.